தெரியலை என்றால் தெரியாது என்று அர்த்தமில்லை

நம் மொழியில் ‘தெரியலை’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கண்ணுக்குப் படவில்லை என்பது ஒன்று. விஷயம் அறியேன் என்பது மற்றொன்று. எழுபதைத் தொட்ட ஒருவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு “தெரியலையேப்பா” என்று சொன்னால், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் எப்போதும் இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். “தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது, இங்க குடுங்க” என்று போனைப் பிடுங்குகிறார்கள். தாத்தா சொன்னது முதல் பொருளில். பட்டன் அவர் திரையில் இல்லவே இல்லை. இல்லாத பட்டனை அவர் எப்படி அமுக்குவார்?

நான் இதை வம்புக்காக எழுதவில்லை. நம் வயதுக்காரர்கள் மீது தினமும் சுமத்தப்படுகிற ஒரு பழி இது. அந்தப் பழி யாருடையது என்று ஒருமுறையாவது தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர் வேண்டாம். பணம் சம்பந்தப்பட்டது, கடைசித் தேதி உள்ளது, அவ்வளவு போதும். என் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பேன். தமிழில் படிக்கிற பழக்கம், எனவே மேலே இருந்த ‘தமிழ்’ என்பதை அமுக்கினேன். முக்கால்வாசி நிரப்பியதும் ‘முக்கிய அறிவிப்பு’ என்று ஒரு பெட்டி திரை நடுவில் வந்து குதித்தது. பெட்டிக்குப் பின்னால் படிவம் மங்கிப்போயிற்று. பெட்டியை மூடுவதற்குப் பெருக்கல் குறி இருக்க வேண்டுமே, அதைக் காணோம். ‘சரி’ என்று ஒரு பட்டன் இருக்க வேண்டுமே, அதையும் காணோம். அறிவிப்பின் நடுப்பகுதி மட்டும் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. விரலால் மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ‘உங்கள் நேரம் முடிந்துவிட்டது’ என்று சொல்லி, நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டது. மூன்று தடவை இதே கதை.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், க்ளோஸ் பட்டன் இருக்கு சார். எங்களுக்குத் தெரியுது. நீங்க சரியாப் பாருங்க” என்றார்.

என் தங்கை மகன் பெங்களூரில் இணையப் பக்கங்கள் கட்டுகிற வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவனிடம் காட்டினேன். அவன் அந்தப் பக்கத்தைத் தன் மடிக்கணினியில் திறந்து, உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, பட்டன் இருக்கு. ஆனா உங்க திரைக்கு வெளிய இருக்கு” என்றான். பிறகு அவன் விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

நம் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி வந்து நின்றதும் என்ன நடக்கும்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். துண்டு சீட்டில் கிடக்கும்; ஆள் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார். சீட்டுக்கு ஆள் உண்டா என்றால் உண்டு. ஆள் சீட்டில் இருக்கிறாரா என்றால் இல்லை.

இணையப் பக்கத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ‘டிரான்ஸ்ஃபார்ம்’. ஒரு படத்தையோ பெட்டியையோ நகர்த்த, சுழற்ற, பெரிதாக்க, சிறிதாக்க உதவுவது. ஆப்பிள் நிறுவனத்தின் வெப்கிட் குழு 2007இல் இதைக் கொண்டுவந்தது. 2009இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 பதிப்பிலும், 2011இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9இலும் வந்தது. இன்று இது இல்லாத பக்கம் அபூர்வம். இதன் தனிக் குணம், துண்டு ஓரிடம், ஆள் ஓரிடம் என்பதுதான். பக்கத்தின் கணக்கில் பெட்டிக்கு ஒதுக்கிய இடம் அப்படியே இருக்கும். வரைவது மட்டும் வேறு இடத்தில் நடக்கும். பிரவுசரிடம் “இந்தப் பெட்டி எங்கே?” என்று ஒரு விதமாகக் கேட்டால் துண்டு கிடக்கிற இடத்தைச் சொல்லும். வேறு விதமாகக் கேட்டால் ஆள் நிற்கிற இடத்தைச் சொல்லும். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கிறவன் பிழைத்தான்.

இனி என் திரையில் வந்த பெட்டிக்கு வருவோம். ஒரு பெட்டியைத் திரையின் நடுவில் நிறுத்த இணையக்காரர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் இடது மூலையைத் திரையின் மையத்தில் வைப்பது. பிறகு டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு, பெட்டியின் சொந்த உயரத்தில் பாதியளவு மேலேயும், சொந்த அகலத்தில் பாதியளவு இடப்பக்கமும் இழுப்பது. பெட்டி கச்சிதமாக நடுவில் உட்கார்ந்துவிடும். காந்தி படத்தைச் சுவர் நடுவில் மாட்டுகிற கணக்குதான்.

படம் சுவரைவிடச் சிறிதாக இருக்கிறவரை இதில் ஒரு குறையும் இல்லை. சுவரைவிடப் பெரிய படத்தை இப்படி மாட்டினால் என்ன ஆகும்? காந்தியின் தலை கூரைக்கு மேலே போகும்; கால் தரைக்குள் போகும்; வயிறு மட்டும் நமக்குக் காட்சி கொடுக்கும். என் போனில் நடந்தது இதுதான். எழுத்தைப் பெரிதாக்கியதும் அறிவிப்புப் பெட்டி திரையைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. மூடுகிற குறி பெட்டியின் தலையில் இருந்தது. அது திரைக்கு மேலே போய்விட்டது. ‘சரி’ பட்டன் காலில் இருந்தது. அது திரைக்குக் கீழே போய்விட்டது. பெட்டியைத் திரையோடு சேர்த்து ஆணி அடித்திருந்ததால் பக்கத்தை உருட்டினாலும் அது கூடவே நின்றது.

இதில் தமிழுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஆங்கிலத்தில் ஓகே என்று இரண்டு எழுத்தில் முடிகிறதை நாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதுகிறோம். ‘சப்மிட்’ என்பது ‘சமர்ப்பிக்கவும்’ ஆகிறது. ஆங்கிலத்தில் நாலு வரியில் அடங்குகிற அறிவிப்பு தமிழில் ஏழு, எட்டு வரிக்குப் போகலாம். பக்கத்தைக் கட்டியவர் தன் மேஜையிலிருந்த பெரிய திரையில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் பார்த்திருப்பார். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பார். சங்கரன்கோவிலில் ஒரு கிழவன் தமிழில், பெரிய எழுத்தில், ஆறு அங்குலத் திரையில் பார்ப்பான் என்பது அவருக்கு ஞாபகம் வரவே இல்லை.

இதுவரை சொன்னது கவனக் குறைவு. அதை மன்னிக்கலாம். இனிமேல் சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை.

“இதையெல்லாம் யாரும் சோதிச்சுப் பார்க்க மாட்டாங்களா?” என்று தங்கை மகனிடம் கேட்டேன். “சோதிப்பாங்க மாமா. மெஷினே சோதிக்கும். பட்டன் தெரியுதான்னு கேட்கும், தெரியுதுன்னு பதில் வரும், பாஸ்” என்றான்.

தெரிகிறது என்று யார் சொன்னது? மெஷின் சொன்னது. எதை வைத்துச் சொன்னது? துண்டை வைத்து.

2006இல் வெளிவந்த ‘ஜேக்வெரி’ என்ற நிரல் தொகுப்பு கோடிக்கணக்கான பக்கங்களில் புகுந்த ஒன்று. ஒரு பொருள் தெரிகிறதா என்று கேட்க அதில் ஒரு வசதி உண்டு. அதன் விளக்கக் குறிப்பே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: ஒரு பொருளை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆக்கி மறைத்துவிட்டாலும், அது பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறது, ஆகவே அது தெரிகிறது என்றே கணக்கு. 2022இல் குரோம் பிரவுசருக்குள்ளேயே ‘செக்விசிபிலிட்டி’ என்று ஒரு சோதனை வந்தது. அது பொருளுக்குப் பெட்டி உண்டா, மறைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும். டிரான்ஸ்ஃபார்ம் அந்தப் பொருளைத் திரையை விட்டே தள்ளிவிட்டதா என்று பார்க்காது. திரைக்கு மேலே ஒரு முழம் தள்ளி நிற்கிற பட்டனையும் ‘தெரிகிறது’ என்றுதான் சொல்லும்.

இவற்றைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. எதை அளக்கிறோம் என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல், ‘தெரிகிறது’ என்று வந்த பதிலை மனிதன் கண்ணுக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு, எழுபது வயசுக்காரனிடம் “சரியாப் பாருங்க” என்று சொல்கிறவர்களைத்தான் நான் கேட்கிறேன்.

நம் ஊரில் விசைத்தறித் துணி வாங்க வருகிற வியாபாரி முழக்கோலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பாரா? துணியை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை விட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பேச்சு. ஒரு கஜம் துணிக்கு இருக்கிற மரியாதை ஒரு பென்ஷன்காரருக்கு இல்லையா?

“திரைக்கு வெளியே இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமா இருக்கும்போல” என்று நானும் முதலில் பரிதாபப்பட்டேன். விசாரித்தால் அது கஷ்டமே இல்லை. அதற்கென்றே ஒரு கருவி 2016இல் குரோமில் வந்துவிட்டது. ‘இன்டர்செக்‌ஷன் அப்சர்வர்’ என்று பெயர். ஒரு பொருள் வாசகனின் திரைக்குள் எத்தனை பங்கு நிற்கிறது என்று அது சொல்லும். துண்டைப் பார்க்காது, ஆளைப் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்ம் எங்கே தள்ளியிருந்தாலும் அதையும் கணக்கில் எடுக்கும். அந்தப் பெருக்கல் குறியின் மேல் இந்தக் கருவியை வைத்திருந்தால், ‘திரைக்குள் இல்லை’ என்று உடனே சொல்லியிருக்கும்.

அந்தக் கருவி எதற்குப் பயன்படுகிறது தெரியுமா? விளம்பரத்துக்கு. விளம்பரம் போட்டவன், ‘என் விளம்பரம் ஜனங்கள் கண்ணில் பட்டதா? பட்டால்தான் காசு’ என்று கேட்கிறான். அமெரிக்காவில் ‘மீடியா ரேட்டிங் கவுன்சில்’ என்ற அமைப்பு 2014இல் அதற்கு அளவே வகுத்துக் கொடுத்தது. விளம்பரத்தின் பரப்பில் பாதியாவது, தொடர்ந்து ஒரு விநாடியாவது திரைக்குள் நிற்க வேண்டும். வீடியோ என்றால் இரண்டு விநாடி. அப்போதுதான் ‘பார்க்கத் தெரிந்தது’ என்று கணக்கு.

இன்னொரு விஷயமும் கேளுங்கள். ஒரு பட்டன் மேல் வேறொன்றை மூடி வைத்து, ஆளை ஏமாற்றி அமுக்க வைக்கிற மோசடி ஒன்று உண்டு. ‘பரிசு’ என்று நினைத்து அமுக்குவோம். உள்ளே அமுங்குவது ‘பணம் அனுப்பு’. 2008இல் ராபர்ட் ஹான்சன், ஜெரமையா கிராஸ்மன் என்ற இரண்டு பேர் இதற்கு ‘கிளிக்ஜாக்கிங்’ என்று பெயர் வைத்து உலகத்தை எச்சரித்தார்கள். அதைத் தடுக்க 2019இல் குரோம் 74இல் அந்தக் கருவியின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் விதி எனக்கு மிகவும் பிடித்தது. பொருளை வேறு ஏதாவது மூடியிருக்கிறதா, மங்க வைத்திருக்கிறார்களா, டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு சுழற்றியோ கோணலாக்கியோ சுருக்கியோ இருக்கிறார்களா? ஒன்று இருந்தாலும் ‘தெரிகிறது’ என்று சொல்ல மாட்டேன் என்கிறது அது. சந்தேகம் வந்தால் தெரியவில்லை என்றே பதில்.

சந்தேகத்தின் பலனை மனிதனுக்குக் கொடுக்க அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி. காசு போகும் என்றால் மெஷினுக்குக் கண் வந்துவிடுகிறது. நம் படிவம் போகும் என்றால் வருவதில்லை.

நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். மணியார்டர் ஃபாரத்தை என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வைத்துக்கொண்டு, வந்த பாட்டியிடம் “ஃபாரம் ஆபீஸில்தான் இருக்கு, நல்லாப் பாருங்க” என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பாட்டி கேட்கிற கேள்வியில் கவுண்டரே அதிர்ந்திருக்கும். போஸ்ட் மாஸ்டர் எழுந்து வந்து என்னைத்தான் கேட்பார். பாட்டிக்குப் படிப்பில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்று அதே பாட்டியின் கையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டோம். ஃபாரம் அலமாரியில் இருக்கிறது. பழி பாட்டி மேல் இருக்கிறது.

இதற்கு மூன்று சமாதானங்கள் வழக்கமாகச் சொல்வார்கள்.

முதலாவது, “எல்லாருக்கும் நல்லா வேலை செய்யுதே.” எல்லாருக்கும் என்றால் யாருக்கு? மூடுகிற பட்டன் கிடைக்காமல் போனை அணைத்துவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் புகார் எழுதவும் இல்லை, பாதியில் விட்டவர் என்று பேர் தெரிவதும் இல்லை. கடைசி வரை போனவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது, “எழுத்தைச் சின்னதாக்கிட்டுப் பாருங்க.” கண் புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆன ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எழுத்தைச் சின்னதாக்கினால் பட்டன் தெரியும், பட்டனில் எழுதியிருப்பது தெரியாது. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்க வேண்டும். அதற்கு ஒப்புதல் என்று பேரா?

மூன்றாவதுதான் ஆபத்தானது. “வீட்ல பையன் யார்கிட்டயாவது குடுத்துப் பண்ணிக்கோங்க.” நம் வீடுகளில் பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? சென்னையில், பெங்களூரில், துபாயில். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அம்மா இருக்கிறார். குடும்ப ஓய்வூதியம் ஒன்றுதான் வருமானம். எந்தப் படிவம் என்றாலும் கடைக்குப் போய், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போனில் வருகிற ஓடிபி எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லி, காசும் கொடுத்து வருகிறார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. சொல்லாமல் முடிக்க முடியாதபடி பக்கத்தைக் கட்டியிருக்கிறார்கள். நாளைக்கு அந்த அம்மாவின் பணம் போனால், “ஏன் சொன்னீங்க?” என்று அவரைத்தான் கேட்பார்கள்.

இது சலுகை கேட்கிற விஷயமே இல்லை. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கத்தில் உள்ள எதுவும் காணாமல் போகக் கூடாது, எந்த வேலையும் நிற்கக் கூடாது என்று உலக இணையத் தரக் குழு 2008லேயே விதி எழுதிவிட்டது. இந்திய அரசு இணையதளங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் 2009இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. ஐ.எஸ். 17802 என்று இந்தியத் தரநிலையும் இருக்கிறது. விதிக்குப் பஞ்சமில்லை. பெரிய எழுத்து வைத்த ஒரு போனைக் கையில் எடுத்து, ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

உச்ச நீதிமன்றமும் பேசிவிட்டது. பிரக்யா பிரசூன் என்பவர் அமிலத் தாக்குதலில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர். 2023இல் வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். உயிருள்ள ஆள்தான் என்று காட்டக் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்ட அவரால் முடியாது. மனிதர் நேரில் நிற்கிறார். மெஷினின் சோதனையில் அவர் இல்லை. அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. மகாதேவன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். டிஜிட்டல் வசதியை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றார்கள். இருபது உத்தரவுகளும் போட்டார்கள்.

என் பெட்டி விவகாரமும் அதே வகைதான், அளவு சிறிது. அங்கே இருக்கிற மனிதரை மெஷின் ‘இல்லை’ என்றது. இங்கே இல்லாத பட்டனை மெஷின் ‘இருக்கிறது’ என்றது. இரண்டிலும் மெஷின் சொன்னதை நம்பினார்கள், எதிரே நின்றவர் சொன்னதை நம்பவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஆடித்தபசு கண்டவர்கள் நாம். சிவனும் ஹரியும் ஒன்று என்பது கோமதி அம்மனுக்குத் தெரியாததா? தெரியும். இருந்தும் அதைக் கண்ணால் காண வேண்டும் என்றுதான் ஊசிமுனைத் தவம். சங்கரநாராயணர் காட்சி கொடுத்த பிறகுதான் தபசு நிறைவு. ‘ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கிறோம், நீ சரியாகப் பார்’ என்று சுவாமி சொல்லி அனுப்பவில்லை. காட்சி என்பது பார்க்கிறவர் கண்ணுக்குக் கிடைக்க வேண்டியது. தபசு மண்டபத்துக்கு எதிரே லட்சம் பேர் நெருக்கத்தில், முன்னால் நிற்கிறவர் தோள் மறைத்து ஒன்றும் பார்க்காமல் திரும்பிய பாட்டியிடம் “சுவாமி வந்தாரே, உங்களுக்குத்தான் தெரியலை” என்று யாராவது சொன்னால் அவருக்குச் சமாதானம் ஆகுமா?

இதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டேன். இரண்டு வரி என்றான் தங்கை மகன். ‘திரையின் உயரத்தைத் தாண்டாதே, மிஞ்சினால் உனக்குள்ளேயே உருட்டிக்கொள்’ என்று அந்தப் பெட்டிக்கு எழுதிவிட்டால் போதும். அதைவிட எளிது, ‘டயலாக்’ என்று பிரவுசரோடு கூடவே வருகிற பெட்டியைப் பயன்படுத்துவது. அது திரைக்குள் அடங்கித்தான் நிற்கும், பெரிதானால் தனக்குள்ளேயே உருளும். 2022 மார்ச்சிலிருந்து குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் உண்டு. இரண்டு வரி எழுதச் சோம்பல்பட்டு எத்தனை ஆயிரம் பேரைக் கடைக்கு அலைய விடுகிறார்கள்!

எனவே பக்கம் கட்டுகிறவர்களிடமும் கட்டச் சொல்கிற அதிகாரிகளிடமும் கேட்பது மூன்றுதான். தமிழில் வைத்துப் பாருங்கள். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கிச் சின்னத் திரையில் பாருங்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. இப்படிப் பெட்டி சிக்கிக்கொண்டால் போனைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பாருங்கள். பிரவுசர் மறுபடி வரையும்போது சில சமயம் பட்டன் திரும்ப வரும். பிரவுசரின் மெனுவில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதைத் தட்டிப் பாருங்கள். பெட்டி சுருங்கி மூடுகிற குறி எட்டலாம். இவை அவசரத்துக்கு ஊன்றுகோல்தான். காரியம் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். திரையை அப்படியே படம் பிடித்து வையுங்கள். எந்தப் பக்கம், எந்தத் தேதி, எழுத்து எந்த அளவு, தமிழா ஆங்கிலமா என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். மாநில அரசு சம்பந்தப்பட்டது என்றால் முதலமைச்சர் உதவி மையம் 1100 இருக்கிறது. மத்திய அரசு என்றால் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது. கார்டு எழுதிப் பழகிய கை நம் கை. மனு எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எழுதும்போது ஒரு வார்த்தையில் மட்டும் கவனமாக இருங்கள். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதாதீர்கள். அதற்கு இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘உங்கள் பட்டன் திரைக்கு வெளியே நிற்கிறது, உள்ளே கொண்டுவாருங்கள்’ என்று எழுதுங்கள். குறை எங்கே இருக்கிறதோ அங்கே அதற்கு விலாசம் போட்டு அனுப்புவதுதான் முறை.